புதுநன்மை வாங்காதவர்களின் அலமாரி

என் மகளுக்குப் பதினாறு வயது. கட்டில் நிறையப் படப் புத்தகங்கள். போரும் காதலும் சாவும் பக்கம் பக்கமாக வரைந்த கனத்த புத்தகங்கள். கையை வீசிக்கொண்டு கடைக்குப் போகிறாள், வேண்டியதை எடுத்துக்கொண்டு வருகிறாள். எனக்கோ பன்னிரண்டு வயதில் ஒரு படப் புத்தகம் கிடைக்க ஒரு தங்கச்சியை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருமுனையில் சின்னதாக ஒரு கோயில். அதை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட அறை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் சிஸ்டர் அதைத் திறப்பார். உள்ளே இரண்டு அலமாரிகள். ஒன்றில் எழுத்து, இன்னொன்றில் படம். படம், புதுநன்மை வாங்காத பிள்ளைகளுக்கு மட்டும். நற்கருணை அப்பத்தை முதன்முதலாக நாக்கில் வாங்குகிற நாளோடு புத்தி வந்துவிடுகிறது, புத்தி வந்தவர்களுக்குப் படம் எதற்கு என்பது பங்குச் சாமியாரின் தீர்ப்பு. நான் எட்டு வயதில் வாங்கியவள். அன்றிலிருந்து எனக்குப் புனிதர்களின் வரலாறுதான். சிங்கத்தின் வாயில் விழுந்த புனிதர்கூட என் புத்தகத்தில் வெறும் எழுத்தாகவே விழுந்தார்.

அந்த வருஷம், பிரான்சுக்குத் திரும்பிப்போன ஒரு குடும்பம் ஒரு பெட்டிப் புத்தகங்களைக் கோயிலில் விட்டுப்போனது. பெரிய பெரிய அட்டைகள். திறந்திருந்த கதவின் வழியாகப் பார்த்தேன். முயல்களும் வாத்துகளும் இருந்த அலமாரியின் மேல்தட்டில் அவை வரிசையாக நின்றன. அன்று மத்தியானமே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சித்தி மகளை இரவல் கேட்டேன். அவளுக்கு ஏழு வயது. புதுநன்மை அடுத்த மே மாதம்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். மேல்தட்டிலிருந்து எடுத்து அவள் கையில் வைப்பேன். அவள் அதைச் சுமந்துகொண்டு போய் மேஜையில் போடுவாள். சிஸ்டர் நோட்டில் அவள் பெயரை எழுதுவார்.

"போன வாரத்துப் புக்கு புடிச்சிருந்துச்சா?"

"பீரோ வந்துச்சி சிஸ்டர்."

பீரோதான் கதை. மூன்று பாகம், ஒரு சொல் கிடையாது. எரிந்த ஊரிலிருந்து ஒரு பெண், என் வயதுக்காரி, கைவண்டியில் ஒரு மர பீரோவைத் தள்ளிக்கொண்டு போகிறாள். கறுப்பு, சாம்பல், கறுப்பு. பக்கத்துக்கு ஓரிடத்தில் மட்டும் மஞ்சள்: ஒரு ஜன்னல், ஓர் எலுமிச்சம்பழம், ஒரு சிப்பாயின் பல். பாலம் உடைகிறது, பனி கொட்டுகிறது, அவள் தள்ளுகிறாள். படுக்கும் முன் பீரோவை இரண்டு தட்டுத் தட்டுகிறாள். திறப்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. என்னால் சோறு தின்ன முடியவில்லை.

"அதுக்குள்ள பாப்பா இருக்குக்கா," என்றாள் சித்தி மகள், முதல் பாகத்திலேயே.

"வாய மூடு. உனுக்கு இன்னா தெரியும்? பக்கத்த வேகமாப் பொரட்டாத."

"நான் வரலன்னா உனுக்குப் படமே கெடையாது. தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் வாரம் ஒரு குச்சி ஐஸ்.

மூன்றாம் பாகத்துக்கு வந்தபோது தையல் விட்டுப்போயிருந்தது. சிஸ்டர் ஊசியும் கோந்துமாக உட்கார்ந்திருந்தார். "காயட்டும், அடுத்த ஞாயித்துக்கெழம வா," என்றார். அடுத்த ஞாயிறுதான் புதுநன்மை. பெரியப்பா பிரான்சிலிருந்து அனுப்பிய வெள்ளை கவுன் சித்தி வீட்டில் தொங்குகிறது, கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. அப்பம் நாக்கில் பட்ட நிமிஷமே என் தங்கச்சி செல்லாக்காசு. பீரோ திறக்கவே திறக்காது.

மிச்சமிருந்தது ஒரே வழி. சனிக்கிழமை பங்குச் சாமியார் ஞானோபதேசப் பரீட்சை வைப்பார். தேறாதவர்கள் அடுத்த வருஷம்தான். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைச் சித்தி என்னிடம் ஒப்படைத்திருந்தார். நானும் பொறுப்பாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"கட்டளை எத்தன?"

"பத்து."

"பதினொண்ணு. புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க."

பதினொன்றாவது என்ன என்று கேட்டாள். நாக்கில் எது வந்ததோ அதைச் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம், கோயில் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றேன். சாமியாருக்குப் பக்கத்தில் பெயர்ப் பட்டியலோடு சிஸ்டர். அவள் முறை வந்தது.

"கடவுளோட கட்டளை எத்தனம்மா?"

"பதினொண்ணு சாமி."

சாமியாரின் பேனா நின்றது.

"பதினொண்ணா? எங்க, அந்தப் பதினொண்ணாவத மட்டும் சொல்லு."

அவள் கைகளைக் கூப்பி, கண்களை மூடி, கோயிலே கேட்கச் சொன்னாள்: "படம் பார்க்கும்போது பக்கத்தை வேகமாகப் புரட்டாதிருப்பாயாக."

"இது கடவுள் மலைமேல மோயீசனுக்குக் குடுத்ததா?"

"இல்ல சாமி, எங்க அக்காவுக்கு."

சாமியார் சிரித்தார். நாற்காலி கிறீச்சிட, அங்கியின் பொத்தான்கள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "சரி, மத்த பத்தும் சொல்லு." சித்தி முன்னமே அடித்து ஏற்றியிருந்த பத்தும் மழைபோல் கொட்டியது. "பாஸ், போ," என்றார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

"ஏம்மா, பதினொண்ணாவது கட்டள. இங்க வா."

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதை எந்தப் பாவத்தில் சேர்ப்பது என்று யோசித்தபடியே உள்ளே போனேன். சிஸ்டர் தன் பையிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"கோந்து காஞ்சிடுச்சி. இன்னிக்கே எடுத்துனு போங்க. நாளைக்குப் பூச வரைக்கும் இவ சின்னப்புள்ளதானே?"

நோட்டில் அவள் பெயரை எழுதினார். என் பக்கம் நிமிரவே இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்தோம். சுருள் விழுவதற்காகத் தலை முழுக்கத் துணிமுடிச்சுகளோடு அவள். "முடிச்சி ஒண்ணு அவுந்துச்சின்னா தொலச்சிடுவேன்," என்று உள்ளிருந்து சித்தி. வெயில் சரிந்துகொண்டிருந்தது. பதினொன்றாம் கட்டளைப்படி மெல்ல, மெல்லப் புரட்டினோம். கடைசித் தாளில் ஒரு கடல், ஒரு கப்பல், சிப்பாய்கள் இல்லாத மணல். அந்தப் பெண் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. இரண்டு பக்கமும் வழிய மஞ்சள். மஞ்சள் கவுனில் ஒரு சின்னத் தங்கச்சி, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

"நான் சொன்னேன்ல, பாப்பான்னு!"

படிக்கட்டே அதிரக் குதித்தாள். நான் அவளைப் பிடித்து இழுத்து இறுக்கிக்கொண்டேன். மூன்று முடிச்சுகள் அவிழ்ந்தன. சித்தி என் முதுகில் வைத்தது ஒன்றுதான். அதுவும் எனக்கு வலிக்கவில்லை.

மறுநாள் பீடத்திலிருந்து கைகூப்பித் திரும்பியவள், என் பெஞ்சைத் தாண்டும்போது, "இனிமே இன்னா பண்ணுவ?" என்று காதில் ஊதிவிட்டுப் போனாள். செய்வதற்கென்ன? எதிர்வீட்டில் நான்கு வயதில் ஒருத்தி இருந்தாள். அடுத்த ஞாயிறு அவள் பெயரையும் சிஸ்டர் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். அப்படியே மூன்று வருஷம். சிஸ்டர் பாவம், ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அது குட்டிப் பசங்க அலமாரிதானம்மா? அப்பறம் எதுக்கு அந்தப் புக்கையெல்லாம் அவ்ளோ ஒசரத்துல வெச்சாங்க?"

நான் எழுந்து நின்று, பன்னிரண்டு வயதில் தூக்கிய மாதிரி கையைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலை உயர்த்தாமல், சரியாக அன்றைய என் கைக்கு எட்டும் உயரம் அது. அந்த அறையில் ஒரு ஸ்டூல்கூட இருந்ததில்லை.