பாடு நன்றாக இருந்த நாள்

எழுபதுகளில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். அவருக்குச் சொந்தமாகக் கட்டுமரம் இருந்தது, பிக்கல் பிடுங்கல் கிடையாது. நல்ல இடம் என்றுதான் கொடுத்தார்கள்.

புருஷன் கடலில் இருக்கும்போது பெண்டாட்டிக்குச் சில கட்டுப்பாடுகள் அங்கே உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, யாரோடும் சண்டை வளர்க்கக் கூடாது, வெளியூர்ப் பயணம் கூடவே கூடாது. மீறினால் கடலில் இருப்பவனுக்கு ஆகாது. ஆகவே மீன்பாடு இல்லாமல் வலை காலியாக வந்தால் குறை என்னிடம்தான் என்றார் அவர். அடித்தார். நானும் நம்பினேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் குரலை உயர்த்தியது தப்போ, தலைக்கு ஊற்றிக்கொண்டது தப்போ என்று யோசித்து யோசித்து, கடைசியில் சிரிப்பதற்குக்கூட யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். கடல் தொழிலோடு சேர்ந்தது இது என்று வைத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டுச் சந்தையில் கருவாடு விற்கும் ஒரு அக்கா வாரா வாரம் சரக்கெடுக்க எங்கள் குப்பத்துக்கு வருவாள். தனிக்கட்டை, வாய் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் வீங்கியிருந்த என் கன்னத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்.

"பாடு சரியில்லக்கா."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கால் வைக்க இடமில்லாமல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் வலையில் விழுந்தது. அந்தப் பருவத்திலேயே அதுதான் பெரிய பாடு.

"வாசல் பூரா காஞ்சிகினு கீது. அப்புறம் இன்னாத்துக்கு அட்ச்சான்?"

நானும் வாசலைப் பார்த்தேன். மீனுக்கும் அடிக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. ஏனென்றால் இனி நான் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டாலும் அது நிற்கப் போவதில்லை.

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். அதைச் சொன்னதும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். அவன் கரையில் இருக்கும்போது கிளம்பாதே, சொல்லிவிட்டுப் போகலாம் என்றும் நினைக்காதே, அவன் கடலுக்குப் போனதும் என்னோடு வந்துவிடு, என் வீட்டில் இருக்கலாம், வயிற்றையும் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றாள். அவர் கடலில் இருக்கும்போது பயணமா என்று கேட்டேன்.

அடுத்த வாரம் கருவாட்டுக் கூடைக்குள் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் திட்டிக்கொண்டே வந்தார். செங்கல்பட்டு வரும்வரை, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற ஒரே நினைப்பு. அடி வாங்கியவளும் நான், கவலைப்பட்டவளும் நான். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சில நாள் கழித்து, அக்காவோடு கடையில் உட்கார்ந்திருந்தபோது அவர் சந்தைக்கே வந்து நின்றார்.

"நான் கடல்ல கீறப்போ கெளம்பி வந்துட்டியே, எனக்கு எதுனா ஆயிருந்தா?"

"ஒண்ணும் ஆவலியே" என்றேன்.

அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. சொன்ன கையோடு, பழக்கதோஷத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, அங்கே கடை போட்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள்.