கல்லுக்கெல்லாம் டிரான்ஸ்பர்

என் கணவர் பதினான்கு வருடமாகக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் தென்காசியில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆய்க்குடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவார். துணியைத் துவைத்து, இட்லிப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்து மறுபடியும் பஸ் ஏற்றிவிடுவேன். கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு நான்கு தடவை மனுப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மேலதிகாரி சொன்னது ஒன்றுதான்: "நீங்க போயிட்டா இந்த செக்‌ஷன் படுத்துரும்மா." ஒழுங்காக வேலை பார்த்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது. வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன், வேறென்ன செய்ய.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் மாற்றலாகிப் போனாலும், போவதற்கு முந்தின சனிக்கிழமை எல்லோருமாகக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவோம். திரும்பும்போது ஆற்றிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வருவோம். கடைசி நாளில் மாலை, பொன்னாடை, சுவர்க்கடிகாரம், பேச்சு எல்லாம் முடிவதற்குள் அந்தக் கல்லைப் போகிறவருடைய பையில் அவருக்குத் தெரியாமல் வைத்துவிட வேண்டும். மனுஷர் அதைச் சுமந்துகொண்டு புது ஊருக்குப் போவார். அங்கே பையைப் பிரித்ததும் எங்களுக்குப் போன் போட்டுத் திட்டுவார். நாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, கையில் இருக்கிற ஃபைலை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு, சுற்றி நின்று கேட்போம். எவ்வளவு நேரம் திட்டுகிறாரோ அவ்வளவு பிரியம் எங்கள்மேல் என்று அர்த்தம்.

எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் போகிறவர்கள் பையைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காப்பார்கள். அப்படியும் ஏமாறுவார்கள். கல்லை எடுப்பதும் வைப்பதும் என் பொறுப்பு. இதுவரை ஒரு பையும் என்னிடமிருந்து தப்பியதில்லை. ராமநாதபுரத்துக்குப் போன கண்காணிப்பாளர் பரிசுத் தாளில் நான் சுற்றி வைத்த மூன்று கிலோ கல்லை ஏதோ விலை உயர்ந்த பரிசு என்று நினைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். சேலத்துக்குப் போன டைப்பிஸ்டின் மாமியார், கல் வழவழப்பாக இருக்கிறதே என்று சந்தனம் பூசிப் பூஜை அறையில் வைத்துவிட்டாராம். டைப்பிஸ்ட் எங்களைத் திட்டுவதற்கு வழியில்லாமல் போனிலேயே சிரித்துச் சிரித்து இருமினாள்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். ஆற்றில் கிடந்த கல் சேலத்துக்குப் போய்விட்டது, ராமநாதபுரத்துக்குப் போய்விட்டது, மதுரைக்கு மட்டும் இரண்டு போயிருக்கிறது. கல்லுக்கெல்லாம் டிரான்ஸ்பர் கிடைக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை.

என் பக்கத்து மேஜையில் ஒருத்தி இருந்தாள். பண்பொழிக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள். ஆறு வருடமாக மத்தியானச் சோற்றை ஒன்றாகப் பிரித்துத்தான் சாப்பிட்டோம். அவள் வைக்கிற தேங்காய்ப்பால் சொதிக்காக நான் வெறும் சோற்றை மட்டும் கட்டிக்கொண்டு போன நாட்கள் உண்டு. என் மனுக்கள் நான்கில் இரண்டை அவள்தான் டைப் செய்து கொடுத்தாள். மனு திரும்பி வரும்போதெல்லாம் என்னைவிட அதிகமாக அவள்தான் அதிகாரியைத் திட்டுவாள்.

போன வருடம் அவள் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அவளும் ஒரு மனுப் போட்டாள். ஒரே ஒரு மனு.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, டீ கொண்டுவந்த அலுவலக உதவியாளர் அண்ணாச்சி என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்: "என்ன மேடம், உங்க கூட்டாளிக்குக் கோயமுத்தூர் ஆர்டர் வந்துட்டுல்லா? எப்பம் குத்தாலம் போறோம்?"

நான் பக்கத்து மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் செத்துவிட்டது.

"எக்கா, செவ்வாக்கெழமையே வந்துட்டு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லுததுன்னு தெரியல. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"ஏட்டி, இதுக்குப் போயி பயப்படுவாங்களா? ஒனக்குக் கெடச்சா எனக்குக் கெடச்ச மாதிரிதான். நல்லா இரு" என்றேன்.

வாய்தான் சொன்னது. எனக்குக் கிடைத்த மாதிரி எப்படி ஆகும்? எனக்குக் கிடைக்கவில்லையே. அன்றைக்கு அவள் கொடுத்த சொதியை வயிறு சரியில்லை என்று சொல்லி வேண்டாம் என்றேன். வயிறு சரியில்லாதது என்னவோ உண்மைதான். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொடுத்து வைத்தவள், கொடுத்து வைத்தவள் என்று ஆய்க்குடி வரைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வாழ்த்திச் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. பெண்கள் பக்கம் நெரிசலில் நான் ஓரமாக நின்றேன். அவள் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நல்ல தண்ணீர் விழுகிற இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, அவள் தள்ளி நின்றுகொண்டாள். தலை துவட்டும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எக்கா, பெரிய கல்லா எடுத்துராதிய. என் தோளு தாங்காது."

"நான் எதுக்குட்டி ஒனக்குக் கல்லு எடுக்கப் போறேன்" என்று சம்பிரதாயத்துக்குச் சொன்னேன். மற்றவர்கள் பஜ்ஜிக் கடையில் நிற்கும்போது ஆற்றுப் பக்கம் இறங்கினேன். இருப்பதிலேயே பெரிய கல்லாக, தோள் கழன்று போகிற மாதிரி ஒன்றை எடுக்க வேண்டும் என்றுதான் போனேன். தேடிக்கொண்டே போகையில் ஒரு கறுப்புக் கல் காலில் தட்டியது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்கத் தோதாக இருந்தது. ஆறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவள் ஆயிற்றே என்று மனசு இளகி, அதையே ஈரத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வழியனுப்பு விழா. அவள் அங்கிருந்தே பஸ் ஏறுவதாக இருந்ததால் பெரிய பையோடு வந்திருந்தாள். பையை மறைத்து வைக்கவில்லை, பூட்டுப் போடவில்லை. என் மேஜைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, "எக்கா, கொஞ்சம் பாத்துக்கிடுங்க, நான் மேல செக்‌ஷன்ல சொல்லிட்டு வந்திருதேன்" என்று போய்விட்டாள். மாடியில் இருப்பதே மூன்று பேர். அரை மணி நேரம் அவள் திரும்பவில்லை. எனக்கு நேரம் கொடுக்கத்தான் போனாள் என்பது எனக்குத் தெரியாதா?

இழுப்பறையிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு ஜிப்பைத் திறந்தேன். மேலாகப் புதுப் போர்வை ஒன்று, அதன்மேல் இரண்டு தலையணை உறை. அவளே பூத்தையல் போட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் அதைத் தைத்துக்கொண்டிருந்ததை ஒரு மாதமாக நான் பார்த்திருக்கிறேன், யாருக்கு என்று கேட்டதில்லை. பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு தட்டு, இரண்டு டம்ளர்.

நானும் என் கணவரும் ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மனிதனாகவே அவர் எனக்குப் பழகிவிட்டார். இவளுக்கு நாளை மறுநாளே புதன்கிழமை வந்துவிடும். ஊர் கிடைத்தது, புருஷன் பக்கத்தில் கிடைத்தான், புதுத் தட்டில் சாப்பாடு கிடைத்தது. இத்தனையும் கிடைத்தவளுக்கு நான் தண்ணீரில் குனிந்து பொறுக்கிய கல்லும் கிடைக்க வேண்டுமா? அப்படியே நினைத்தேன், வார்த்தை மாறாமல். ஜிப்பை மூடினேன். கல்லை இழுப்பறையில் திரும்பப் போட்டேன்.

மாலை போடும்போது அண்ணாச்சி கண்ணைக் காட்டி, "உள்ள போயாச்சா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார். தலையை ஆட்டினேன். பஸ் ஸ்டாண்டில் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பையைத் தோளில் மாட்டும்போது வேண்டுமென்றே "யம்மா, என்னா கனம் கனக்கு" என்று முனகி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அன்று ஒரு திருப்தி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒன்றாவது கிடைக்காமல் போனதே என்ற திருப்தி.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. அண்ணாச்சிதான் ஓடிவந்து ஸ்பீக்கரில் போட்டார். எல்லோரும் என் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மேலதிகாரிகூடத் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எக்கா, எங்கன வச்சிய? இங்க எல்லாத்துட்டயும் சொல்லி வச்சிட்டேன், எங்க ஆபீஸ்ல கல்லு குடுத்துதான் அனுப்புவாவன்னு. பையப் பிரிக்காம ஆபீஸுக்கே தூக்கிட்டு வந்துட்டேன். ஏழெட்டுப் பேரு சுத்தி நிக்காவ. நானும் தேடுதேன், தேடுதேன், காங்கல."

எங்கள் பக்கம் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் எங்கேயோ பயங்கரமாக ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அவர்களுக்குக் குஷி. "மேடம் கைவரிசையாக்கும்" என்றார் அண்ணாச்சி.

வைக்கவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அடியிலதாம்ட்டி வச்சேன். நல்லாப் பாரு" என்றேன்.

போனில் பையைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. தட்டு ஒன்று தரையில் விழுந்து சுற்றி அடங்கியது. யாரோ ஒரு பெண் "சைடு ஜிப்ல பாத்தீங்களா?" என்று அங்கே கேட்டாள். அதையும் திறந்தாள். எங்கள் பக்கத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு ஆள் சீட்டுக்குத் திரும்பிப் போனார்.

"இல்லக்கா" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "பஸ்ஸுல கண்டக்டர் பைய ரெண்டு மூணு தடவ மாத்தி மாத்தி வச்சாரு. ஜிப்பு சரியா மூடல போல. அங்கனதான் விழுந்திருக்கும். நான் தூங்கிட்டேங்க்கா. என் தப்புதான். நீங்க எனக்குன்னு தேடி எடுத்தத இப்படித் தொலச்சிட்டு நிக்கேன். மன்னிச்சிருங்கக்கா."

எல்லோரும் அவளுக்காக உச்சுக் கொட்டினார்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்று அண்ணாச்சி போனை என் வாய்ப்பக்கம் நீட்டினார்.

"பரவால்லட்டி. போனாப் போகுது" என்றேன்.

"கோவம் இல்லியேக்கா?"

"இல்லட்டி."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் மட்டும் இன்னொரு தடவை கேட்டாள். அப்போதும் இல்லை என்றே சொன்னேன்.