சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட்

என் மனைவி தினமும் பார்க்கும் சீரியலில் அந்த வீடு திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. உண்மையில் அது இருப்பது மணிமங்கலத்தைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில். படப்பிடிப்பு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

சீரியலில் வராதவை முதலில் கண்ணில் பட்டன: தொழிற்சாலையின் நீலத் தகரச் சுவர், ஷிப்ட் பேருந்துகள் திரும்பும் மண் திடல், செல்போன் கோபுரம். கேமரா அந்தப் பக்கம் திரும்பாது போலிருக்கிறது. கதவு நிலைக்கு மேலே சிலுவையைக் கழற்றிய இடத்தில் மட்டும் பெயின்ட் மங்காமல் இருந்தது.

வீட்டுக்கார அம்மாள் நாற்காலி போட்டார். பார்க்க வருபவர்கள் அவருக்குப் புதிதல்ல. சீரியலில் மாமனார் உட்காரும் ஊஞ்சல் எங்கே என்று என் மனைவி கேட்டாள். சீரியல்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்களாம். மாமனாரைத்தான் போன வாரம் சாகடித்துவிட்டார்களே என்றார்.

அந்தக் காட்சியை இதே ஹாலில்தான் எடுத்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டி, வாசலில் சாமியானா, மேளம். பின்னறையில் அந்த அம்மாளின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அன்று அண்ணனைப் பார்க்க மறைமலை நகரிலிருந்து வந்த கொழுந்தனார், தெருமுனையிலிருந்தே சாமியானாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் ரோஜா மாலை வாங்கி வந்திருக்கிறார். முன்பக்கம் கூட்டமாக இருந்ததால் பின்வழியாக அழுதுகொண்டே நுழைந்தார். அண்ணன் கண்ணைத் திறந்து மாலையைப் பார்த்தார்.

படப்பிடிப்புக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். அது ஒளிபரப்பாகாது. தோஷம் கழிந்ததாக அர்த்தம்.

"அந்த ஆளு சிரிச்சிட்டுப் போயிட்டாரு. இவரு அன்னிலருந்து எனக்கும் ஒண்ணு எடு, எனக்கும் ஒண்ணு எடுன்னுகினே கீறாரு. நாம வேதக்காரங்க, நமக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்னு நான் எடுக்கல. சோறும் சரியா எறங்கல அவருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் பின்னறையிலிருந்து குரல் வந்தது. "யாரு வந்துகீறாங்க? போன் கீதா அவங்ககிட்ட?"

என் மனைவி எழுந்து போனாள். நான் கதவருகில் நின்றேன்.

மெலிந்த மனிதர். அன்று காலைதான் முகம் மழித்திருந்தது. "சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடும்மா" என்றார்.

எடுத்தாள். வாயின் இடப்பக்கம் மேலேறியது. வலப்பக்கம் அசையவில்லை. போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது சிரிப்பு இல்ல. இன்னொண்ணு எடு."

அடுத்ததும் அப்படியே வந்தது. அவர் போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அப்போது அந்த அம்மாள் உள்ளே வந்தார். போனை வாங்கி என் மனைவியிடம் கொடுத்தார். கட்டிலில் உட்கார்ந்து, கணவரின் வலப்பக்க உதட்டோரத்தை ஒரு விரலால் மேலே தூக்கிப் பிடித்தார்.

"இப்ப எடுங்க" என்றார்.

அந்தப் படத்தைக் கணவர் இன்னும் அதிக நேரம் பார்த்தார்.

"வெரலு தெரியுது" என்றார்.