மடிப்பின் மணிக்கட்டு

சலவைக்கூடத்தில் அவனுக்கு ‘மடிப்பு’ என்று பெயர். அவன் இஸ்திரி போட்ட பேன்ட் மடிப்பில் பென்சில் சீவலாம் என்று யாரோ கிளப்பிவிட்டதிலிருந்து, சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. இடக்கைக்காரன். பதினோரு வருஷமாக இஸ்திரிப் பெட்டி அந்தக் கையில்தான்.

நாலு மாதத்துக்கு முன் பழைய சாமான் கடையில் ஒரு கிட்டார் வாங்கினான். வயிற்றில் தகரத் தட்டு பதித்த ரகம். இடக்கைச் சுண்டுவிரலில் எஃகுக் குழாயை மாட்டிக் கம்பி மேல் வழுக்கினால் தட்டு அதிர்ந்து குரல் வரும். நம்ம ஆள் எங்கே வழுக்கினான்? ஜீன்ஸ் துணிக்குக் கொடுக்கிற அழுத்தத்தைக் கொடுத்தான். கம்பி கண்ணில் படவேண்டுமென்று கிட்டாரை மடியில் மல்லாத்தி, மணிக்கட்டைக் கொக்கியாக வளைத்தான். மூன்றே வாரம், வீங்கிவிட்டது.

“என்னப்பா மடிப்பு, கைக்கு என்ன?” என்றார் முதலாளி.

கிட்டார் என்றால் கூடமே சிரிக்கும். “பெட்டி கனம் சார்,” என்று முனகினான்.

முதலாளிக்கு மனசு இளகினால் தொண்டையும் சேர்ந்து திறந்துகொள்ளும். “ஐயையோ! பதினோரு வருஷ உழைப்பு! ஓட்டல் பெட்ஷீட் பூரா இனிமே அக்கா டேபிளுக்குப் போகட்டும்!”

அக்கா பக்கத்து மேசைக்காரி, ஐம்பத்து நாலு வயது. “அதுக்கென்ன, தம்பி கை தேறட்டும்,” என்றாள். அவளுக்கு மலை மலையாகப் படுக்கை விரிப்பு. அவனுக்குத் தலையணை உறை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே அவன் விட்டுவிட்டான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் குழாய் விரலில் ஏறிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் மனைவியின் குரல்.

“வாங்கக்கா! உள்ள கச்சேரிதான் நடக்குது. நாலு மாசமா என் காது படுற பாடு எனக்குத்தான் தெரியும்!”

கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளலாம். குழாயை என்ன செய்ய? வீங்கிய விரலில் அது கவ்விக்கொண்டது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அக்கா வந்து நின்றாள். கையில் மருந்துக்கடைப் பொட்டலம்.

“ஏன் தம்பி கையை ஒளிக்கிற? காட்டு.”

காட்டினான்.

“நாலு மாசமா இது?”

“ஆமாக்கா.”

“வலி எப்போலேந்து?”

“அதுக்கப்புறம்.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சரி, வாசி.”

காது வரைக்கும் சுட வாசித்தான். கம்பி கடகடவென்று பல்லைக் கடித்தது.

“என்னது, மணிக்கட்டு ஒடிஞ்சு தொங்குது? டேபிள்ல இப்படியா நிப்ப? உன் கை ஸ்கேல் மாதிரி இருக்குமே! அதை நிமித்தி வை. குனிஞ்சு என்னத்தப் பாக்குற, கம்பி எங்கயும் ஓடிடாது. கட்டைவிரலால ஏன் இந்தப் பிடி பிடிக்கிற? பட்டுப் புடவை மேல பெட்டி எப்படிப் போகும்? வெயிட்டே வைக்காம. அப்படிப் போ. மத்த விரலெல்லாம் ஆகாசத்துல என்ன பண்ணுது? கம்பி மேல சும்மா கிடக்கட்டும்.”

சொன்னபடி செய்தான். கடகடப்பு நின்றது. ஒரு சுரம் நீளமாக, சுத்தமாக எழுந்தது. வலியே இல்லை. அதற்காகச் சந்தோஷப்படலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். மணிக்கட்டுக்குப் போடுகிற எலாஸ்டிக் பட்டை. அவனுக்காக வாங்கியது. அதைத் தன் வலது கையில் மாட்டிக்கொண்டாள்.

“இது எனக்குத்தான் வேணும் போல,” என்று எழுந்துவிட்டாள். காப்பிக்குக்கூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை மடிப்பு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், விரிப்பு வண்டியைத் தன் மேசைக்குத் தள்ளிவந்தான்.

“டேய், கை என்னாகும்?” முதலாளி பதறினார்.

“பெட்டியால வந்ததில்ல சார். வீட்ல கிட்டாரைத் தப்பா பிடிச்சு வந்தது. நான் சொன்னது பொய்.”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ஒருத்தன் இஸ்திரிப் பெட்டியைத் தோளில் சாய்த்து வாசித்துக் காட்டினான். முதலாளியும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பட்டை போட்ட கையால் தலையணை உறையொன்றை எடுத்து விரித்தாள். மடிப்பு தலைகுனிந்து முதல் விரிப்பை உதறினான்.