சத்தம் நின்றது, டிரம் நிற்கவில்லை

பயப்படுவது அவளுக்குப் பிறவிக்குணம். மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டிகளைப் பொருத்திச் சரிசெய்வது அவள் வேலை. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு கம்பியைத் தொடமாட்டாள். கூட வேலை செய்பவர்கள் ‘டெஸ்டர்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். டீ கிளாஸைக்கூட சோதித்துவிட்டுத்தான் குடிப்பாள் என்று கேலி வேறு.

அப்படிப்பட்டவளைத்தான் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவை ஆலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே துணி இறக்கும் வேலையில் இருந்தவள் அவளுடைய சொந்த அக்கா. ஈரத் துணியைச் சுழற்றிப் பிழியும் டிரம் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. பிழிந்து முடித்தபின் அது வேகம் குறைந்து நிற்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்பது சூப்பர்வைசரின் குறை.

“அது நிக்குறதுக்குள்ள விடிஞ்சிடும் போலிருக்கும்மா. பாதியா கொறச்சுக் குடுங்க.”

“கனமா சுத்துறதைச் சீக்கிரமா புடிச்சு நிறுத்தினா, அந்த வேகமெல்லாம் கரன்ட்டா மாறி டிரைவுக்கே திரும்பி வரும் சார். தாங்க முடியலைன்னா டிரைவ் கைய விரிச்சிடும்.”

அக்காவும் சேர்ந்துகொண்டாள். “கொஞ்சம் கொறச்சுத்தான் பாரேன்டி. நின்னு நின்னு எனக்குக் கால் கடுக்குது.”

அக்கா சொன்னால் அவளுக்கு மறுப்பு வராது. நிற்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தாள். காலி டிரம்மை ஓட்டிப் பார்த்தார்கள். வழுக்கிக்கொண்டு வந்து அழகாக நின்றது. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். அவளுக்கு மட்டும் அது போதவில்லை. துணி போட்டும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றாள்.

டிரம் நிறைய ஈரப் போர்வைகள். முழு வேகத்தில் தரை அதிர்ந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் வேகம் இறங்கத் தொடங்கியது. உடனே டிரைவ் பெட்டிக்குள் ‘டக்’ என்றது. மின்னழுத்தம் எல்லை மீறிவிட்டதாகத் திரையில் சிவப்பு எழுத்து. மோட்டாரின் ரீங்காரம் சட்டென்று அறுந்தது.

அந்த அமைதியின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். டிரைவ் கைவிட்டுவிட்டது. கதவுக்குப் பின்னால் டிரம் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. அக்காவோ காதை நம்பி வேலை செய்து பழகியவள். ரீங்காரம் நின்றால் டிரம் நின்றுவிட்டது என்றுதான் அவளுக்கு அர்த்தம். கதவின் பூட்டுக்கும் அதே அர்த்தம்தான். மோட்டாருக்கு மின்சாரம் நின்றதும் திறந்துகொள்ளும்படி யாரோ எப்போதோ இணைத்துவைத்திருந்தார்கள்.

பூட்டு திறந்த சத்தம் கேட்டது. அக்கா கதவை இழுத்தாள்.

‘அக்கா’ என்று கத்த வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. கால்கள் எப்படி நகர்ந்தன என்று அவளுக்கே தெரியாது. கைக்கு அகப்பட்டது அக்காவின் கொண்டை. வேரோடு பிடுங்குவதுபோல் இழுத்தாள். இருவரும் ஈரத் தரையில் மல்லாந்து விழுந்தார்கள்.

“பைத்தியமாடி உனக்கு?” அக்கா விழுந்த வாக்கிலேயே ஓர் அறை விட்டாள். இன்னொன்றுக்குக் கையை ஓங்கியபோதுதான், திறந்த கதவுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கலங்கிச் சுற்றும் போர்வைகளைப் பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

டிரம் தானாக ஓய்ந்து நிற்க வெகுநேரம் ஆனது.

“பழைய நேரத்தையே வச்சிருங்கம்மா,” என்றார் சூப்பர்வைசர், முகம் வெளிறி.

“அது மட்டும் போதாது சார். டிரம் நெஜமாவே நின்னாத்தான் பூட்டு தொறக்கணும். அதுவரைக்கும் இந்த மெஷின் ஓடாது.”

பல் தந்தியடிக்கத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு டிரம்மின் சுழற்சியை நேராக உணரும் சென்சாரைக் கதவுப் பூட்டோடு இணைத்தாள். திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக மாற்றித் தீர்க்கும் ரெசிஸ்டர் வந்த பின்தான் நேரத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்தாள். ஒவ்வொரு தடவையும் முழுச் சுமையோடு ஓட்டினாள். கதவுப் பக்கம் ஒருவரையும் அண்டவிடவில்லை.

நடுக்கம் மட்டும் லேசில் விடவில்லை. வீட்டில் மிக்சியை நிறுத்திய பிறகும் மூடியைத் திறக்காமல் உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒருநாள் வீட்டுக்கு வந்த அக்கா அதைக் கவனித்துவிட்டாள். கேலி செய்யப்போகிறாள் என்று தங்கை நினைத்தாள். அக்கா பக்கத்தில் வந்து, தானும் குனிந்து பார்த்தாள்.

“நின்னுடுச்சுடி. தொற,” என்றாள் மெதுவாக.