பாவாயி புழுக்கிக் கொடுத்த சாமை

என் நாத்தனார் பாவாயிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பஸ்ஸில் மிளகு மூட்டையை ஏற்றினால் இறங்கும்வரை அதன் மேலேயே உட்கார்ந்து வருவாள். எங்கள் மலையில், ஆலத்தூர் நாட்டில் எல்லோரும் மரவள்ளிக்கு மாறிய பிறகும் அவள் மட்டும் கருஞ்சாமை விதைத்தாள். மழை பொய்த்தாலும் வாடாத சாமை. அந்த விதை வேறு எந்த வீட்டிலும் இல்லை.

அதைக் கேட்டுக்கொண்டு, கீழே ஒரு கல்லூரியிலிருந்து பானுமதி என்ற ஆராய்ச்சிப் பெண் வந்தாள்.

“பயிருக்குள்ள சமையக்காரியாட்ட ஒரு நொதி இருக்குதுங்கம்மா. ஆர்ஜினைன் டிகார்பாக்சிலேஸ்னு பேரு. தண்ணி இல்லாதப்ப அதோட வேலையாலதான் பாலிஅமீன்னு ஒரு சத்து உண்டாகி, இலை காயாம தாங்குது. உங்க சாமையில அது நெறையா இருக்கும்னு நெனைக்கிறோம். முளைக்க வெச்சுப் பாக்கணும்.”

“அப்படீங்களா,” என்ற பாவாயி, உள்ளே வந்து என்னிடம் பல்லைக் கடித்தாள். “பேரே பூச்சி மருந்தாட்ட இருக்குது. முளைக்க வெச்சு, பேர மாத்தி, நமக்கே பாக்கெட்டுல விப்பாங்க புள்ள.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. மலையேறி வந்து இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கும் ஆகாது.

சாப்பாட்டுச் சாமையைக் குத்தும் முன் புழுக்குவது எங்கள் வீட்டு வழக்கம். பாவாயி விதைச் சாமையையே வெந்நீரில் புழுக்கி, காயவைத்து, சிரித்த முகமாகக் கொடுத்தாள். உமி கலையாததால் பானுமதிக்கு வித்தியாசம் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு அன்று சிரிப்பு அடங்கவில்லை.

சித்திரையில் அடித்த கோடை மழையில் ஓடு நழுவி, விதைப் பானைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விதைக்கத் திறந்தபோது உள்ளே வெறும் பூசணம். பாவாயி பிடிபிடியாக அள்ளி முகர்ந்து பார்த்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

“வெந்நீருக்குத் தப்புன மணி நாலாவது அந்தப் பொண்ணுகிட்ட இருக்கும். வா, போயிக் கேப்போம்,” என்றாள்.

கல்லூரி போய்ச் சேரும்வரை, தருவார்களா, ஒளித்துவைத்துக்கொண்டு இல்லையென்பார்களா என்றே புலம்பினாள்.

எங்களைப் பார்த்ததும் பானுமதி ஓடி வந்தாள்.

“நானே மலைக்கு வரலாம்னு இருந்தேங்கம்மா. அந்த விதை எல்லாத்தையும் ஊறவெச்சோம், ஒண்ணுகூட முளைக்கல. நொதியும் செத்துக் கெடக்குது. எங்க கைபட்டுத்தான் எப்படியோ வீணாப் போச்சுங்க. மன்னிச்சுக்கங்க. மறுபடியும் கொஞ்சம் விதை குடுங்கம்மா, இந்தத் தடவ பத்தரமா பாத்துக்கறோம்.”

பாவாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்ல கண்ணு,” என்றாள். “எங்கிட்டயும் இல்ல.”