சூரன் விழுவதற்குள் சிவந்த வானம்

டெல்லியில் கந்த சஷ்டி வருவதே தப்பான நேரத்தில்தான். தீபாவளிக்கு ஊரே வெடித்துத் தீர்த்த புகையும், அறுத்த வயல்களில் நெல்தாளைக் கொளுத்துகிற புகையும் தலைக்கு மேல் அசையாமல் நிற்கும். அந்த ஆறு நாளும் நம்மவர்கள் விரதம் என்று காலையும் மாலையும் கோயிலுக்கு நடப்பார்கள். என் மனைவியும் அப்படித்தான். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. அவளிடம் சஷ்டியைப் பற்றி வாயைத் திறந்தால் நான் தொலைந்தேன்.

இங்கே வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சிளைப்பு பிடித்தது. ஊரை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மத்திய அரசு குமாஸ்தா. மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறேன். அந்த மாறுதலுக்காகத்தான் போன வருஷம் விரதம் இருந்தாள். நல்ல காற்று வேண்டும் என்று, மூச்சு முட்டுகிற காற்றில் பட்டினி. சொன்னால் கேட்டால்தானே?

பட்டினியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆறாம் நாள் இன்ஹேலரையும் தொடமாட்டேன் என்றாள்.

"வாயில மருந்து பட்டா விரதம் போயிரும்லா. சாயங்காலம் சூரன் விழட்டும், அடிச்சிக்கிடுதேன்."

மூச்சுக்குமா விரதம் என்று கத்தினேன். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். இன்ஹேலரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் கூடவே போனேன்.

கோயில் மைதானத்தில் சூரசம்ஹாரம். சாயங்காலம் மேற்கே வானம் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் மஞ்சள்; பிறகு செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றினாற்போல் கலங்கிய சிவப்பு. சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. கூட்டம் போனைத் தூக்கிப் படம் எடுத்தது. "வேலோட வெளிச்சம்!" என்று பக்கத்தில் ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மனைவியும் சிரித்தாள். "பாத்தீங்களா, மாறுதலுக்கு முருகன் உத்தரவு குடுத்துட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் எல்லா நிறமும்தான் இருக்கிறது. சாயங்காலம் அது சரிவாக, வெகுதூரம் காற்றைக் கடந்து வருவதற்குள் நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது, சிவப்பு மிஞ்சுகிறது. ஊரிலும் அந்தி சிவக்கத்தான் செய்யும். இங்கே புகையும் தூசியும் மிச்ச வெளிச்சத்தையும் வழிமறிப்பதால்தான் இந்தக் கலங்கல். எது சூரியனை மங்க வைத்ததோ அதேதான் அவள் மார்புக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. இதையெல்லாம் மாமியிடம் சொல்ல முடியுமா?

சூரனுக்கு மாட்டிய யானைத் தலை விழுந்து, சிங்கத் தலை ஏறுவதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பாரித்திருந்தது. இன்ஹேலரை நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். சூரனின் சொந்தத் தலை இன்னும் பாக்கி இருந்தது. "பையா, ஜல்தி கரோ, சீக்கிரம்!" என்று சூரனைத் தூக்கி நின்ற ஆட்களைப் பார்த்துக் கத்தினேன். மேளச் சத்தத்தில் யார் காதில் விழும்?

அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் முன்னால் முழுக்க மனிதர்களின் கால்கள்தான். காதருகே குனிந்து, "விழுந்துட்டான்" என்றேன்.

வாயைத் திறந்தாள். இரண்டு முறை அழுத்தினேன். இழுப்பு கொஞ்சம் அடங்குகிற நேரத்தில் "அரோகரா" என்று மைதானமே அதிர்ந்தது. அப்போதுதான் சூரன் விழுந்தான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆட்டோவில் திரும்பும்போது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "அப்பம் மாறுதல் வராதுல்லா?" என்று மட்டும் கேட்டாள்.

விரதம், உத்தரவு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைதானத்தில் அவ்வளவு சுலபமாக வந்த பொய், ஆட்டோவில் வரவில்லை.